அந்தத் தங்கத் தட்டு எதனால் ஆனது, தெரியுமா?

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய கையோடு சுற்றுவட்டார ஊர்களில் கோயில் பொங்கலும் மெல்லிசைக் கச்சேரியும் களைகட்டிவிடும். மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் பாடகரைப் பார்ப்பதில்லை. டிரம்ஸ்காரரைத்தான் பார்க்கிறார்கள். அவரிடமும் டிரம்மை அல்ல, விளக்கு வெளிச்சத்தில் தகதகவென்று ஆடும் அந்தத் தட்டுகளை! மேலூர்ப் பக்கம் ஒரு கச்சேரியில் என் பக்கத்திலிருந்த சிறுவன் என் கையைச் சுரண்டினான்.

"அண்ணே, அது தங்கமாண்ணே?"

"இல்லடா தம்பி. வெண்கலம்."

"எங்க அப்பத்தா பொங்கல் வைக்குற பானை மாதிரியா?"

அதே மாதிரிதான். அவன் கேட்ட கேள்விக்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். சிம்பல் என்று நாம் சொல்லும் அந்தத் தட்டை ஏதோ வெள்ளைக்காரர் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் உலோகம் நம் அடுப்படியில் இருக்கிறது. அதன் பாட்டி நம் பஜனை மடத்தில் இருக்கிறாள். நல்லதைத் தேர்ந்தெடுக்கத் தேவையான கலை, பாத்திரக் கடையில் சுண்டிப் பார்க்கும் அப்பத்தாவின் விரலில் இருக்கிறது!

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வெண்கலக்கடைத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. "வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி" என்று சொல்கிறோமே, ஏன் வெண்கலக் கடை? பித்தளைக் கடை என்று ஏன் சொல்லவில்லை? பித்தளையும்தான் சத்தம் போடும். ஆனால் தட்டினால் பித்தளை 'டொங்' என்று அடங்கிவிடும். வெண்கலம் 'கணீர்' என்று எழுந்து, நின்று, நிதானமாகக் கரையும். அந்த நின்று கரைவதைத்தான் நம் இசைக்காரர்கள் கார்வை என்கிறார்கள். சீர்காழி கோவிந்தராஜனுக்கும் கே.பி. சுந்தராம்பாளுக்கும் 'வெண்கலக் குரல்' என்று பேர் வைத்த தமிழன் இந்த உலோகத்தை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்க வேண்டும்!

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வெள்ளீயத்தின் அளவு கொஞ்சம் மாறினால் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் வெள்ளீயம் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே, அது சிலை. அதையே நூற்றுக்கு இருபதாக உயர்த்துங்கள்: அது சிம்பல், அது கோயில் மணி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக உயர்த்திப் பாருங்கள்: கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி! முகம் பார்க்கலாம், கீழே போட்டால் கண்ணாடி போலவே உடையும். சாமி, சத்தம், முகம் மூன்றுக்கும் அடிப்படை உலோகம் அதே இரண்டுதான்!

இந்த வெள்ளீயத்தை நீங்கள் கையில் பிடித்திருக்கிறீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அது பேருக்குத்தான் ஈயம். நல்ல ஈயச்சொம்பு என்பது முழுக்க வெள்ளீயம். வாங்கும்போது அனுபவசாலிகள் அதைக் காதோரம் வைத்து லேசாக அமுக்கிப் பார்ப்பார்கள். 'கறுக் மொறுக்' என்று உள்ளுக்குள் முனகும்! உலோகத்தின் படிகங்கள் வளையும்போது எழும் சத்தம் அது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதனால்தான் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டிகள் கத்துகிறார்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். இப்படி மெதுமெதுவென்று முனகும் ஓர் உலோகத்தை நூற்றுக்கு இருபது சேர்த்தால், பக்கத்து ஊருக்குக் கேட்கிற கணீர் பிறக்கிறது!

அதற்குள் இன்னொரு புதிர். அரிவாளை உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும்? இறுகும். திருப்பாச்சேத்திக் கொல்லரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் நூற்றுக்கு இருபது வெள்ளீயம் கொண்ட வெண்கலத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால்? நேர்மாறு! அது இளகிக் கொடுக்கிறது. மெதுவாக ஆறவிட்டால்தான் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். சடாரென்று குளிர வைத்தால் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். உலகத்தின் உயர்ந்த சிம்பல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தந்திரத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தேடினால், பாதை மதுரையிலிருந்து தெற்கே தாமிரபரணிக் கரைக்குப் போகிறது. ஆதிச்சநல்லூர்! 1876-ல் ஜெர்மானியர் ஜாகோரும், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய அந்த இடுகாட்டில் தாழிகளோடு மெல்லிய வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அவற்றை ஆராய்ந்து, அவற்றில் சில வெள்ளீயம் மிகுந்தவை, காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்தவை என்று காட்டினார். அதாவது, சிம்பல் செய்யும் அதே உத்தி! நம் தெற்கத்திக் கன்னார்கள் இரும்புக் காலத்திலேயே அதைக் கையில் வைத்திருந்தார்கள். சாரதா சீனிவாசன் பரதநாட்டியக் கலைஞரும் கூட. அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது 2019-ல். அதே 2019 பட்டியலில் தாள வாத்தியத்துக்காகப் பத்மஸ்ரீ பெற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டிரம்ஸ் சிவமணி! வெண்கலத்தை ஆராய்ந்தவருக்கும் வெண்கலத்தை அடித்தவருக்கும் ஒரே ஆண்டில் விருது.

சரி, கடையில் சிம்பல் என்று கேட்டதும் முதலில் வந்து விழும் பெயர் எது? ஜில்ஜியான். அது துருக்கியிலிருந்து வந்த ஆர்மீனியக் குடும்பம். கான்ஸ்டான்டினோபிளில் அவெடிஸ் என்ற ரசவாதி தங்கம் செய்யப் போய், 1618-ல் தங்கத்துக்குப் பதிலாக ஒலிக்கும் வெண்கலத்தில் போய் முட்டினார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. 'ஜில்' என்றால் துருக்கியில் சிம்பல். 'ஜி' என்றால் செய்பவர். 'யான்' என்றால் ஆர்மீனியத்தில் மகன். சிம்பல்காரர் மகன் என்பதுதான் பெயரே! சுல்தானின் படை வாத்தியக் குழுவுக்குத் தட்டு செய்து கொடுத்த அவர் தனிப் பட்டறை வைத்த ஆண்டு 1623. மதுரைக்காரர்கள் இந்த ஆண்டை எங்கேயோ படித்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது! மகாலின் தூண்கள் எழும்புவதற்கு முன்பே தொடங்கிய தொழில், 1929-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறி, இன்றும் அதே குடும்பத்தின் கையில் நடக்கிறது.

படை முன்னால் அந்தத் தட்டுகளை மோதிக்கொண்டு போன துருக்கியச் சத்தம் ஐரோப்பாவைக் கலக்கியது. மோட்சார்ட் 1782-ல் அரங்கேற்றிய ஓர் ஓபெராவில் அதைப் பயன்படுத்தினார். நம் ஊர்க் கல்யாண ஊர்வல பேண்டு செட்டில் தோல்வாரைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு தட்டை 'ஜாங்' என்று மோதுகிறாரே ஒருவர், அவருடைய கையிலும் அந்தப் படையின் நினைவு இருக்கிறது.

குடும்பத் தொழில் என்றால் பாகப்பிரிவினை இல்லாமலா? அமெரிக்காவில் தொழிலை நிலைநிறுத்திய மூன்றாம் அவெடிஸ் 1979-ல் காலமானதும் இரண்டு மகன்களுக்குள் வழக்கு. இளையவர் ராபர்ட் கனடாவில் மெடக்டிக் என்ற சிற்றூரின் ஆலையை எடுத்துக்கொண்டு 1981-ல் தனியாகப் போனார். ஜில்ஜியான் என்ற பெயரைப் போடக் கூடாது. என்ன செய்வது? தன் பிள்ளைகள் சாலி, பில்லி, ஆன்டி மூவரின் பெயரிலிருந்தும் முதல் எழுத்துகளைப் பிடுங்கி ஒட்டினார்: சேபியன்! இன்று உலகமெங்கும் கடைகளில் அண்ணன் தட்டும் தம்பி தட்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. துருக்கியில் தங்கிவிட்ட பழைய பட்டறை ஆட்களில் அகோப், மெஹ்மெட் இருவரும் சேர்ந்து இஸ்தான்புல் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனமும் 1996-ல் அகோப் இறந்தபின் இரண்டாகப் பிரிந்தது. அதனால்தான் இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெட் என்று இரண்டு முத்திரை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் கூத்தர்கள் சுமந்து போகும் வாத்தியங்களைச் சொல்கிறதே, அந்தப் பையில் முழவோடும் கொம்போடும் 'பாண்டில்' என்று ஒன்று உண்டு. உரைகாரர்கள் அதைக் கஞ்சதாளம் என்கிறார்கள். கஞ்சம் என்றால் வெண்கலம். வாத்தியங்களைத் தோல், துளை, நரம்பு என்று பிரித்த தமிழர்கள், உலோகத்துக்குக் 'கஞ்சக்கருவி' என்று தனி வகுப்பே வைத்தார்கள். டிரம் செட்டில் தோலும் கஞ்சமும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன!

பரதநாட்டிய மேடையின் ஓரத்தில் நட்டுவனார் கையில் இருக்கும் தாளத்தைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் ஒரே உலோகம் அல்ல! ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. கனத்த இரும்பு விளிம்பு வெண்கலத்தின் முகத்தில் பட்டும் படாமலும் விழும்போது அந்தத் தெள்ளிய 'டிங்' பிறக்கிறது. அடவின் ஒவ்வொரு ஜதிக்கும் அழுத்தி அடிப்பது, தொட்டு விடுவது, மூடி அடக்குவது என்று மூன்று விதமும் அந்த இரண்டு சின்னக் கிண்ணங்களிலேயே நடக்கும். டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு செய்வதும் இதே வேலை.

மதுரையின் சௌராஷ்டிரர் தெருக்களில் மார்கழி விடியலில் நடந்திருந்தால் ஜால்ராவின் அருமை உங்களுக்குப் புரியும். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) வளர்த்துவிட்ட பஜனை மரபு அது. அழகர்கோவில் சாலையில் காதக்கிணற்றில் அவருடைய பிருந்தாவனம் இருக்கிறது. பனியில் பத்துப் பேர் பாடிக்கொண்டு வருவார்கள். பாட்டு ஏறும், இறங்கும், மூச்சுக்காக நிற்கும். ஜால்ரா மட்டும் நிற்காது. குரல்கள் எத்தனை சிதறினாலும் அந்த 'ஜல் ஜல்' எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகும்.

இந்த வாத்தியத்துக்கு நாம் செய்த அநியாயத்தை எண்ணினால் எனக்கு மனசு ஆறுவதில்லை. முகஸ்துதி செய்பவனை "ஜால்ரா அடிக்கிறான்" என்கிறோம். வறுமையில் இருப்பவனை "சோத்துக்குச் சிங்கியடிக்கிறான்" என்கிறோம். சிங்கியும் தாளம்தான். நாதஸ்வர மேளத்தில் தாளம் போடுபவர் எவருக்கும் பின்பாட்டுப் பாடுவதில்லை. நாதஸ்வரமும் தவிலும் எங்கே பறந்து போனாலும் அவர் காட்டும் காலத்துக்குத்தான் திரும்பி வந்து இறங்க வேண்டும். மேடையில் யாரையும் ஆமாம் போட்டுப் பின்தொடராத ஒரே ஆள் அவர்!

டிரம் செட்டில் இந்தத் தாளக்காரரின் வேலையைப் பார்ப்பது இரண்டு பேர்: ஹை-ஹேட், ரைடு. ஹை-ஹேட் என்பது ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு தட்டு. காலால் மிதித்தால் மூடும். 1920-களில் இது கணுக்கால் உயரத்தில்தான் இருந்தது, காலால் மட்டும் வாசிப்பதற்காக. பிறகு யாரோ கம்பியை நீட்டிக் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு முழ உயரத்தில் மேற்கத்திய இசையின் நடையே மாறிப்போனது! ரைடு பெரிய தட்டு, பெரும்பாலும் 20 அங்குலம் முதல் 22 அங்குலம் வரை. குச்சி நுனியால் தொடர்ந்து காலம் ஓட்டுவதற்கு. கிராஷ் 16 முதல் 18 அங்குலம். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் 'ஜ்ஜாஷ்' என்று வெடித்து மறைவது. ஸ்பிளாஷ் சின்னக் குழந்தை. சைனா, விளிம்பு மேல்நோக்கி மடிந்த முரட்டுத் தட்டு.

1936-ல் கன்சாஸ் சிட்டியில் ஒரு கிளப்பில், தாளம் தப்பிய ஓர் இளைஞனின் காலடியில் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி எறிந்தார் என்று ஒரு கதை ஜாஸ் உலகில் சொல்வார்கள். அவமானத்தோடு போன அந்தப் பதினாறு வயதுப் பையன் வெறிகொண்டு சாதகம் செய்து திரும்பி வந்தான். அவர்தான் பின்னாளில் ஜாஸ் உலகமே கொண்டாடிய சார்லி பார்க்கர்!

இப்போது, எது உங்களுக்கு என்ற கேள்வி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் தெரியுமா? தடித்த தட்டுதான் கனத்த, தாழ்ந்த சத்தம் கொடுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். தவறு! தடிமன் கூடினால் சுருதி ஏறும். அகலம் கூடினால் சுருதி இறங்கும், அதுவும் இருமடங்கு வேகத்தில். ஒரே தடிமனுள்ள தட்டையான தகட்டில் 14 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு முழு ஸ்தாயி! நாதஸ்வரத் தாளம் உள்ளங்கையளவு சிறியது, தடித்தது. அதனால்தான் அத்தனை உச்சத்தில் 'டிங்' என்று ஒற்றை ஸ்வரமாய் ஒலிக்கிறது. பெரிய மெல்லிய கிராஷில் ஒற்றை ஸ்வரமே கேட்காது. நூற்றுக்கணக்கான அதிர்வுகள் ஒன்றையொன்று முட்டி மோதுகின்றன. அடித்த கணத்தில் தாழ்ந்த அதிர்வுகள் கிளம்பி, கண்ணிமைப்பதற்குள் சக்தி மேலே மேலே ஏறி, 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மினுமினுப்பாய் நிற்கும். 'ஷ்ஷ்ஷ்' என்று காற்றில் தொங்கும் அந்தப் பொடிச் சத்தம் அதுதான்.

பெட்டியில் பி20, பி8 என்று போட்டிருப்பார்கள். பி20 என்றால் நூற்றுக்கு இருபது வெள்ளீயம்: காய்ச்சி உருட்டி, தண்ணீரில் தோய்த்து, சுத்தியலால் அடித்து, கடைசல் பிடித்தது. பி8 என்றால் எட்டு: பெரும்பாலும் தகட்டிலிருந்து வெட்டியெடுப்பது, சத்தம் பளிச்சென்று நேராக வரும், விலை குறைவு. அதற்காக பி8 மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். லெட் செப்பெலின் குழுவின் ஜான் போனம் அடித்து நொறுக்கிய, சுவிட்சர்லாந்தின் பைஸ்டி நிறுவனத்து 2002 வரிசைத் தட்டுகள் இந்த எட்டு சதவீத வெண்கலம்தான்! செய்நேர்த்தியும் எடையும் சேர்ந்துதான் நாதம். எதுவும் எழுதாமல் மஞ்சளாக மின்னினால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். புது டிரம் செட்டோடு இலவசமாக வருவது அநேகமாக அதுதான். ஆரம்பத்தில் கை பழக அது போதும்; பதிவுக்கோ பெரிய மேடைக்கோ போதாது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கையில் இருக்கும் பணத்தில் டிரம்முக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், சிம்பலுக்குக் குறைக்காதீர்கள். சுமாரான டிரம்மின் தோலை மாற்றலாம், சாவியால் முறுக்கிச் சுருதி சேர்க்கலாம், போர்வை திணித்து அடக்கலாம். சிம்பலுக்கு முறுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. அது பிறந்த குரல்தான் கடைசிவரை. முதலில் நல்ல ஹை-ஹேட் வாங்குங்கள், 14 அங்குலம். பாட்டு முழுக்கக் கை அதன் மேல்தான் இருக்கும். அடுத்து ரைடு. கிராஷ் மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் 18 அங்குல 'கிராஷ்-ரைடு' ஒன்றை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம்.

கடையில் என்ன செய்ய வேண்டும்? முதலில் மூன்று இடத்தில் தட்டுங்கள்: நடுக் குமிழ், வளைந்த வயிறு, விளிம்பு. குமிழில் 'டிங்' என்று மணி கேட்க வேண்டும். வயிற்றில் குச்சியின் 'டிக்' தெளிவாகக் கேட்டு, பின்னால் இரைச்சல் மெல்லப் படர வேண்டும். இரைச்சல் 'டிக்'கை விழுங்கினால் அந்த ரைடு வேகமான பாட்டுக்கு உதவாது. விளிம்பில் அடித்தால் கிராஷ் உடனே திறந்து, உடனே விலக வேண்டும். மெதுவாக அடித்தும் கேளுங்கள். கடைக்குள் எல்லோரும் ஓங்கி அடித்தே பார்க்கிறார்கள். ஒரு மெல்லிய மெலடிக்குத் தொடும்போது வாயே திறக்காத தட்டு உங்களுக்கு எதற்கு? இன்னொன்று: அடிப்பவருக்குக் கேட்பது வேறு, பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கேட்பது வேறு. வேறொருவரை அடிக்கச் சொல்லித் தள்ளி நின்று கேட்டால்தான் சபைக்குக் கேட்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் கல்யாண மண்டபங்களும் தேவாலயங்களும் கான்கிரீட்டும் கல்லும். ஒரு சத்தம் நாலு சத்தமாய்த் திரும்பி வரும். அங்கே மெல்லிய தட்டு, சீக்கிரம் அடங்கும் தட்டு. கோயில் திடல், வயல்காட்டு மேடை என்றால் சத்தம் எதிலும் பட்டுத் திரும்பாமல் பறந்துவிடும். அங்கே நடுத்தர எடை, கொஞ்சம் பளிச்சென்ற குரல். ஹை-ஹேட் ஜோடியில் கீழ்த்தட்டு மேல்தட்டைவிடக் கனமாக இருப்பதுதான் வழக்கம். கடைக்காரர் மாற்றி மாட்டியிருந்தால் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

கையால் அடித்துச் செய்த தட்டுகளில் இரண்டு ஒரே மாதிரி இருக்காது! ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே விலை; குரல் மட்டும் அக்காள் தங்கை போல வேறு வேறு. ஆகையால் காதில் விழுந்த அந்தத் தட்டையே கட்டித் தரச் சொல்லுங்கள். "உள்ளே புதுசு இருக்கு, எடுத்துத் தர்றேன்" என்றால் அதையும் அடித்துக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பழைய தட்டு என்றால் பயப்பட வேண்டாம். வருஷம் ஆக ஆகக் களிம்பேறிக் கறுத்த வெண்கலத்தின் பதமான குரலுக்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் விளிம்பு முழுக்க நகத்தால் வருடிப் பாருங்கள். முடி அளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். நடு ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து சாவித் துவாரம் போல் நீண்டிருந்தால், அந்தத் தட்டை யாரோ பிளாஸ்டிக் குழாய் மாட்டாமல் வெறும் இரும்புக் கம்பியில் சுழலவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விரிசல் ஏன் வருகிறது? அந்த மேலூர்க் கச்சேரி தொடங்குவதற்கு முன் டிரம்மர் தம்பி ஸ்டாண்டு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபெல்ட் வில்லையை வைத்தார், தட்டை வைத்தார், மேலே இன்னொரு வில்லை. பிறகு விங் நட்டைத் திருகினார். இறுகத் திருகவில்லை. விரலால் தட்டைத் தள்ளிப் பார்த்தார். ஊஞ்சல் போல ஆடியது. திருப்தி. "இறுக்கிட்டா கழுத்தைப் பிடிச்ச மாதிரிண்ணே, பாடாது. கொஞ்ச நாள்ல கிழிஞ்சிரும்" என்றார். கச்சேரி முழுக்க அவர் குச்சி தட்டின் மேல் நேராக இறங்கவே இல்லை. சாய்வாகத் துடைத்துக்கொண்டு போனது. ஆடும் தட்டு அடியை வாங்கிக்கொள்ளும். கட்டிப்போட்ட தட்டு உடைந்துபோகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மாவின் கண்ணில் படாமல் வையுங்கள்! வெண்கலம் என்று தெரிந்தால் அவர் கை தானாகப் புளியைத் தேடும். புளி பளபளப்பாக்கும், ஆனால் முத்திரையின் எழுத்தை அரிக்கும், வருஷக் கணக்கில் ஏறிய களிம்பையும் எடுத்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கைரேகையையும் வியர்வையையும் துடைத்தால் போதும். தூக்கும்போது விளிம்பைத் தரையில் ஊன்றாதீர்கள். பையில் வைக்கும்போது தட்டுகளுக்கு நடுவே துணி போடுங்கள்.

இன்றைக்குப் பல மெல்லிசைக் குழுக்களில் டிரம் செட்டே இல்லை. ஒரு ரிதம் பேடு, அவ்வளவுதான். 1985-ல் ரோலண்ட் நிறுவனம் முதல் ஆக்டபேடைக் கொண்டுவந்ததிலிருந்து ஸ்டாண்டும் தட்டும் சுமக்கும் வேலை குறைந்தது. வண்டிச் செலவு, மேடையில் இடம் என்று அவர்களுடைய கஷ்டம் நியாயமானது. ஆனால் பேடில் நூறு தரம் அடித்தாலும் கிராஷ் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும். எங்கோ யாரோ அடித்த ஒரு தட்டின் பதிவு அது. அசல் வெண்கலத்தில் நூறு அடிக்கு நூறு குரல்! அதைக் கேட்டு வளராத பிள்ளைக்கு அது தெரியாமலே போய்விடும் என்பதுதான் எனக்குக் கவலை.

கடைசியாக ஒன்று, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கும்போது கிராஷ் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. வெண்கலம் உடைந்தால் வேறு வாங்கலாம். காது போனால் வாங்க முடியாது. ஆகவே பிள்ளைக்குத் தட்டு வாங்கும் அன்றே ஒரு ஜோடி காதடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். கடைக்குப் போகும்போது சொந்தக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி நின்று கேட்க ஒரு துணையும் வேண்டும். வீட்டில் அப்பத்தா இருந்தால் அவரையே கூட்டிப்போங்கள்.